வெளியே நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்



"கத்தோலிக்க இளைஞர்கள் ஏன் பூசைக்கு வருவதில்லை?" என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரம் கரையில் பூந்துறையோ, வலியதுறையோ, பூவாறோ, குமரிக் கரையில் ஒரு பங்கோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். முன் பெஞ்சுகளில் பாட்டிமார் இருக்கிறார்கள், மறைக்கல்விப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உறுதிபூசுதல் வாங்கும் வரை ஒழுங்காக வந்த பையன் அடுத்த வருடம் வாசலுக்கு வெளியே மரத்தடியில், பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். பிரசங்கம் தொடங்கினால் உள்ளே இருப்பவர்களில் இன்னும் நாலு பேர் நழுவி வந்து அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். அவன் பத்து வருடம் கழித்து எங்கே நிற்பான் என்பதுதான் நம் கவலை.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். எழுந்தேற்ற வேளையில் உள்ளே மணி அடிக்கிறது. மரத்தடியில் பேச்சு நிற்கிறது. ஃபோன் சட்டைப்பைக்குள் போகிறது. மண்ணில் முழங்கால் போடுகிறவனும் உண்டு, தலையைக் குனிந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறவனும் உண்டு. விசுவாசம் போய்விட்டது என்று அவனைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

இதே பிள்ளைகள்தான் டிசம்பர் வந்தால் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துக் குடில் கட்டுகிறார்கள். வைக்கோலும் மூங்கிலும் சீரியல் பல்பும் வாங்க வீடு வீடாகப் பணம் பிரிக்கிறார்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்திக் கால்நடையாகப் போகிறவர்களில் பலர் இளைஞர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டுக்காட்டுக்குப் போனால், வேலைக்கான தேர்வு எழுதியவரும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவரும் கிறிஸ்து அரசர் சுரூபத்துக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கிறார்கள். திருவனந்தபுரத்தின் இந்தப் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரும் இளைஞர் கூட்டத்தைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கும்பிடும் மனசு வற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுதான் காலியாகிறது.

பெரியவர்கள் ஃபோன் மேல் பழி போடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று கட்டுப்பாடாக இருந்த ஊர்கள் நம்முடையவை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று டெக்னோபார்க்கில் இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறார்கள். உணவு டெலிவரி செய்பவனுக்கு ஞாயிறுதான் நாலு காசு கூடக் கிடைக்கும் நாள். காலை ஆறரை மணிப் பூசை, பகலில் கடல் வேலை செய்தவனின் நேரத்துக்கு வைத்தது. வேலை மாறிவிட்டது, பல இடங்களில் பூசை நேரம் மட்டும் மாறவில்லை. போதாததற்கு 2020-ல் ஊரடங்கு வந்தது. மாதா டிவி முன்னால் உட்கார்ந்து பூசை கண்டோம். கோயில் திறந்த பிறகும் சிலர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வரவேயில்லை. அவர்கள் எல்லாரும் இளைஞர்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மேலைநாட்டில் நடந்ததை நாம் அறிவோம். அமெரிக்காவில் 1955-ல் ஒரு வாரத்தில் பூசைக்குப் போன கத்தோலிக்கர் நூற்றுக்கு 75 பேர் என்று கேலப் நிறுவனம் கணக்கெடுத்தது. 2014 முதல் 2017 வரை அது சராசரியாக 39. ஜெர்மனியில் 2022-ஆம் ஆண்டு மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் திருச்சபைப் பதிவேட்டிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். அங்கே பூசை வைக்க நம் கேரளத்துக் குருக்கள் போகிறார்கள். நம் பிள்ளைகளும் நர்ஸிங் முடித்து, படிப்பு முடித்து அங்கேதான் போகிறார்கள். அந்தக் காற்று இங்கே வீசாது என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? கிட்டாரும் டிரம்ஸும் எல்இடி திரையும் கொண்டுவந்தால் கூட்டம் சேரும் என்று சில பங்குகளில் நினைக்கிறார்கள். பாட்டு நன்றாக இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் என்னிடம் பேசிய பிள்ளைகள் சத்தம் கேட்கவில்லை. சாயங்கால ஆராதனையில் அரைமணி நேரம் மௌனமாக உட்கார இடம் கேட்டார்கள். கேள்வி கேட்டால் அதட்டாத ஒரு சாமியாரைக் கேட்டார்கள். பிரசங்கத்தில் வரிபாக்கியும் திருவிழாக் கணக்கும் படிக்காமல், வேலை இல்லாத கவலையையும் குடியையும் வரதட்சணையையும் பேசச் சொன்னார்கள்.

நம் திருவனந்தபுரம் தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாட்டி தமிழில் செபமாலை சொல்கிறாள். பேத்தி மறைக்கல்வியை மலையாளத்தில் படிக்கிறாள். அவள் காதில் போட்டுக் கேட்கும் பக்திப் பாட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்த மொழியில் அழுது செபிப்பது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை. இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிற கொல்லத்தில், 1578-லேயே தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்வி நூலைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார் மிஷனரி அண்டிரிக் அடிகளார். மக்களின் பேச்சைத் தேடிப் போனது இந்தச் சபை. இன்று நம் பேத்தியைத் தேடி யார் போகிறோம்?

இந்த மண்ணில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ராக்கெட் தளத்துக்கு விக்ரம் சாராபாய் தேடி வந்த இடம் தும்பா. அங்கே மகதலா மரியா கோயில் இருந்தது, சுற்றிலும் மீனவர் குடிசைகள் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு பூசையில் மக்களிடமே விஷயத்தை வைத்து, இடத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதையும், மக்கள் ஆமென் சொன்னதையும் அப்துல் கலாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதற்காக வீட்டை விட்டுப் போனவர்களின் வலியை நான் மறைக்கவில்லை. ஆனால் கோயிலையே விட்டுக்கொடுக்கும் முடிவில் பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து பறந்தது. பதின்மூன்றே நாளில், டிசம்பர் 4 அன்று, ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. லத்தீன் பூசை தமிழுக்கும் மலையாளத்துக்கும் வர வழி திறந்தது. மக்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, முழு உணர்வோடு பங்கெடுக்க வேண்டும் என்பது அந்த ஏட்டின் உயிர்நாடி.

இன்று என்ன நிலை? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 536-ஆம் பிரிவுப்படி பங்கு மேய்ப்புப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். அந்த ஆலோசனை நாற்காலிகளிலும் நரைத்த தலைகளே பெரும்பாலும் உட்கார்ந்திருக்கின்றன. நானும் அந்த வயதுதான். பந்தல் போடவும் சப்பரம் தூக்கவும் இளைஞர் வேண்டும். பாடகர் குழுவை நடத்துவதும் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதும் இளம்பெண்கள். வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி கொடுக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தையே திருத்தினார். நம் பங்குகளில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசியிருப்போம்? வேலைக்குக் கூப்பிட்டு, முடிவெடுக்கும்போது வெளியே நிறுத்தினால், அந்தப் பிள்ளை ஒருநாள் வெளியேதான் நிற்கும்.

கூப்பிடுகிற விதத்தில் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள் என்பதற்கு 2018 ஆகஸ்ட் வெள்ளமே சாட்சி. செங்ஙன்னூர் மூழ்குகிறது என்றதும் இந்தக் கரையின் பங்குகளிலிருந்து அழைப்புப் போனது. விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பையன்கள் கிளம்பினார்கள். முந்தைய நவம்பரில்தான் ஓகிப் புயலில் அப்பனையும் அண்ணனையும் கடலுக்குக் கொடுத்த கரை அது. சாதி, மதம் பார்க்காமல் மாடியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். மரத்தடியில் நிற்கிறான் என்று நாம் குறை சொன்ன பையன்கள் அந்தப் படகுகளிலும் இருந்தார்கள்.

ஆகவே பங்குத்தந்தையர்களே, பேரவைப் பெரியவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பேரவைத் தேர்தலில் முப்பது வயதுக்குட்பட்டோருக்கு இடம் ஒதுக்குங்கள், அதில் பாதி பெண்களுக்குக் கொடுங்கள், ஆளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு ஞாயிறு இரவில் ஒரு பூசை வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பிறகு அல்ல, முன்னாலேயே அந்த மரத்தடிக்குப் போய், "தம்பி, உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.