ஐயாயிரம் ஓட்டு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "கண்டிப்பாத் தோத்துப்போவோம்னு தெரிஞ்ச தேர்தல்ல நாம ஏன் நிக்கணும்? டெபாசிட் போகும், ஊர் சிரிக்கும். என்ன லாபம்?" அன்றைக்கு நான் சரியாப் பதில் சொல்லலை. இன்றைக்கு அதற்குப் பதிலாக ஒரு தேர்தலின் கதையைச் சொல்றேன். 1921 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த தேர்தல்.

அதில் துணை ஆளுநர் பதவிக்கு தியோடர் நாஷ் என்ற கறுப்பர் நின்றார். அங்கே ஆளுநரையும் துணை ஆளுநரையும் மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில மேலவைக்குத் துணை ஆளுநர்தான் தலைமை. இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் அவர் ஓட்டுதான் முடிவு. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த காலத்தில், அந்த நாற்காலியைக் கேட்டு ஒரு கறுப்பர் நிற்கிறார்.

அவர் தனியாளாக நிற்கவில்லை. ஆளுநர் பதவிக்கு ஜான் மிட்செல் நின்றார். 1863இல் அடிமையாகப் பிறந்தவர். 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையின் ஆசிரியர். கறுப்பர்களைக் கும்பல் சேர்ந்து தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமைகளை அஞ்சாமல் எழுதியவர். 1904இல் ரிச்மண்ட் டிராம் வண்டிகளில் நிறம் பார்த்து உட்கார வைத்தபோது, ஏறாதீங்க, நடந்து போங்கன்னு சொன்னவர். கல்வித்துறைத் தலைவர் பதவிக்கு மேகி வாக்கர். 1903இலேயே வங்கி தொடங்கிய கறுப்பினப் பெண். அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து அப்போ ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டியல் முழுக்கக் கறுப்பர்கள்.

ஏன் இப்படித் தனியாக நின்றார்கள்? விடுதலை பெற்ற காலத்திலிருந்து கறுப்பின மக்கள் குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டுவந்தார்கள். லிங்கனின் கட்சி என்கிற நன்றி. அந்தக் கட்சி 1921 ஜூலையில் நார்ஃபோக் நகரத்தில் மாநாடு கூட்டியபோது கறுப்பினப் பிரதிநிதிகளுக்குக் கதவைச் சாத்தியது. இவங்க கூட இருந்தா வெள்ளையர் ஓட்டு வராது, அதுதான் கணக்கு. அந்த வெள்ளைக் கோஷ்டிக்கு 'லில்லி வெள்ளை' என்று பெயர். நீ லில்லி வெள்ளைன்னா நாங்க லில்லி கறுப்பு என்று ரிச்மண்டில் கூடித் தங்கள் பட்டியலை அறிவித்தார்கள்.

தேர்தல் முடிவைப் பாருங்க. ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 1,39,000 ஓட்டு. குடியரசுக் கட்சிக்குச் சுமார் 65,000. மிட்செலுக்குச் சுமார் 5,000. துணை ஆளுநர் பதவியும் ஜனநாயகக் கட்சிக்கே போனது. அப்போ வர்ஜீனியாவில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 6,90,000 பேர், பத்தில் மூன்று பேர். அப்படியிருந்தும் ஐயாயிரம்தான்.

மக்கள் கைவிட்டுட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். அது பொய். 1902இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதினார்கள். அதை மக்கள் ஓட்டுக்கு விடாமலே அறிவித்தார்கள். அந்தச் சட்டப்படி ஓட்டுப்போட வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி. ஒரு வருஷத்துக்கு இல்ல, மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டியிருக்கணும். அதையும் தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னாலேயே கட்டியிருக்கணும்.

இந்த ஆறு மாசத்தைக் கொஞ்சம் யோசிங்க தோழர்களே. தேர்தல் நவம்பரில். வரிக்குக் கெடு மே மாசம். கட்சி கதவைச் சாத்தியது ஜூலையில். ஜூலையில் கோபம் வந்தவன், கையில் காசு வைத்திருந்தாலும், நவம்பரில் ஓட்டாளி ஆக முடியாது. ஒடுக்குகிறவன் தடியை மட்டும் நம்பவில்லை, காலண்டரையும் நம்பியிருக்கிறான்.

கறுப்பர்களுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. நார்ஃபோக்கில் பத்திரிகை நடத்திய பி.பி. யங் இந்தத் தனிப்பட்டியலை எதிர்த்தார். அவரும் கறுப்பர்தான். அவரைத் துரோகின்னு நான் சொல்ல மாட்டேன். தோற்றபிறகு அடி யார்மேல் விழும் என்ற பயம் அந்த ஊரில் வெறும் கற்பனை இல்லை. மிட்செலும் பிறகு சுகப்படவில்லை. 1922இல் அவர் வங்கி மூடப்பட்டது, 1929இல் இறந்தார். மிட்செல், மேகி வாக்கர் பெயர்களை இன்றைக்கும் சொல்கிறார்கள். நாஷ் பெயர் அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

ஆனா கதை அங்கே முடியலை. அந்தத் தலைவரி 1966 வரைக்கும் இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? வீட்டுவேலை செய்து ஓய்ந்த ஆனி ஹார்ப்பர். அதே நார்ஃபோக்கில் தையல்வேலை பார்த்த ஈவ்லின் பட்ஸ். இரண்டு உழைக்கும் கறுப்பினப் பெண்கள். உச்சநீதிமன்றம் அந்த வரியை ஒழித்தது. 1985இல் அதே வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர் துணை ஆளுநராக ஜெயித்தார், அடிமைகளின் பேரன். நாஷ் கேட்ட நாற்காலி, 64 வருஷம் கழித்துக் கிடைத்தது. 1989இல் அவரே ஆளுநராகவும் ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு? 7,000க்கும் குறைவு. இப்ப சொல்லுங்க, ஐயாயிரம் ஓட்டு சிரிக்கிற எண்ணிக்கையா?

இன்னொன்றையும் கவனிக்கணும். வைல்டர் நின்றது ஜனநாயகக் கட்சியில், அந்தத் தலைவரிச் சட்டத்தை எழுதிய கட்சியில். 2021இல், சரியாக நூறு வருஷம் கழித்து, வின்சம் சியர்ஸ் என்ற கறுப்பினப் பெண் துணை ஆளுநராக ஜெயித்தார். அவர் நின்றது குடியரசுக் கட்சியில், நார்ஃபோக்கில் கதவைச் சாத்திய கட்சியில். கட்சிகளுக்கு மனசு மாறிடுச்சுன்னு நான் நம்பலை, கணக்கு மாறியது. கணக்கை மாற்றியவர்கள் வரிக்கு எதிராகப் படியேறியவர்கள், பதிவேட்டில் பெயர் சேர்க்க வீடுவீடாக அலைந்தவர்கள். ஆகவே நாற்காலியில் நம்ம நிறம் உட்கார்ந்தவுடனே வேலை முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. அது யாருடைய கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்றும் கேட்கணும்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். 1921இல் நின்றவர்கள் நாற்காலியைப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஓட்டு உங்கள் பரம்பரைச் சொத்து இல்லை என்று ஊரறியச் சொன்னார்கள். அதை யாராவது முதலில் சொல்லியே ஆகணும். அவர்களுடைய தோல்வி நமக்குச் சொல்வது வேற. கோபம் ஜூலையில் வரும்; அதை நம்பி நவம்பரில் நிற்க முடியாது.

நிக்கலாம் தம்பி, தாராளமா நிக்கலாம். ஆனா வேலையை மே மாசத்துக்கு முன்னாலேயே தொடங்கணும்.