சாயம் இறங்கும் துணி



சங்கரன்கோவில் என்றாலே நமக்குத் தறிச்சத்தமும் சேலையும்தான் நினைவுக்கு வரும். கையால் சாயம் தோய்த்த துண்டுத் துணிகளை இணைத்து, ஓவியம்போல் போர்வை தைப்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் செய்வது அலசுவது. மதுரைச் சுங்குடியைப்போல முடிச்சிட்டுச் சாயமேற்றிய சிவப்புத் துணியை, தண்ணீர் தெளியும்வரை அலசாமல் வெள்ளையோடு சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே வெள்ளையில் சிவப்பு இறங்கிவிடும்.

நாமும் திருமுழுக்கினால் ஒரே உடலாகத் தைக்கப்பட்டவர்கள். ஆனால் பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியுமாக, ஒரே பீடத்தின் முன் நிற்கிறோம். நம் கசப்பு நம்மோடு நிற்பதில்லை. காரணம் தெரியாமலே நம் பிள்ளைகளும் சித்தப்பா வீட்டு வாசலைக் கடந்து போகிறார்கள்.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் உறவைச் சரிசெய்யச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). அலசினால் துணியில் ஊறிய நிறம் போகாது. ஒட்டாத சாயம்தான் போகும். ஒப்புரவாவதால் நம் பக்கத்து நியாயமும் போய்விடாது, கசப்புதான் கழுவப்படும்.

வருகிற ஞாயிறு திருப்பலிக்கு முன்பே அந்த ஒரு வாசற்படியை ஏறுவோம். அதற்கான துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.