மக்கள் பூங்கா மறைந்த வகை

சென்னை மாநகராட்சி வீற்றிருக்கும் இரிப்பன் மாளிகை எவ்விடத்தில் நிற்கின்றது? மக்கள் பூங்காவின் மீது நிற்கின்றது!

1859-இல் ஆளுநராக வந்த சார்லசு திரெவெலியன், நெருக்கமிக்க நகரத்து மக்கள் மூச்சுவிட ஓரிடம் வேண்டுமென்று வகுத்ததே அப்பூங்கா. பரப்பு 116 குறுக்கம் (ஏக்கர்). குளங்களும் நடைவழிகளும் விலங்குக் காட்சிச்சாலையும் அதனுள் இருந்தன.

அதனை ஒரே நாளில் எவரும் அழித்திடவில்லை. அழித்திருந்தால் ஊரே திரண்டிருக்கும்! 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்டோரியா மன்றம் எழுந்தது, 1900-இல் மூர் அங்காடி, 1913-இல் மாநகராட்சி தனக்கே கட்டிக்கொண்ட மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம். 1985-இல் விலங்குகள் வண்டலூர் சென்றன. அவ்வாண்டே எரிந்துபோன அங்காடியின் இடம் தொடர்வண்டி நிலையத்திற்குப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நேரிய கரணியம் இருந்தது என்பதே இதிலுள்ள கொடுமை. மன்றமும் அங்காடியும் மக்களுக்குப் பயன்பட்டனவே! ஆயினும், நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் அரங்கும், கையில் காசின்றி உழைப்பாளி படுத்தெழும் மரநிழலும் ஒன்றாகா.

இன்று தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அமைப்போர், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடையாக எழுதித் தருதல் வேண்டும். அந்நிலத்தின் மீதும் கண் விழும்; தண்ணீர்த்தொட்டிக்கென்பர், அலுவலகத்திற்கென்பர். பெங்களூரில் பூங்காவிற்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாதென்று உச்சநீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அப்பகுதி மக்களே வழக்காடினர். மன்றத்தில் இத்தகைய பொருள் வருமுன், வட்டத்து மக்கள் தம் உறுப்பினரிடம் கேட்கவேண்டிய வினா இது: எடுக்கும் நிலத்திற்கு ஈடாக, அதே வட்டத்தில் தரப்படும் நிலம் எது?