அறத்துக்கு உரை எழுதுவது யார்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு)



பண்டிதரின் நினைவாகக் கூடியிருக்கிற இந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அறம். பொறுமை, ஈகை, அன்பு, காதல், மனித இயல்பு என்று, எல்லாக் காலத்துக்கும் எல்லா மனிதருக்கும் பொதுவானவை எனச் சொல்லப்படும் விஷயங்கள். பள்ளிக்கூடச் சுவரிலும் அரசுப் பேருந்திலும் குறளாக இவற்றைத் தினமும் படிக்கிறோம். தலித் மேடையில் இதைப் பேச என்ன அவசியம், பேசுவதற்கு வன்கொடுமையும் நிலமும் இடஒதுக்கீடும் இல்லையா என்று சிலருக்குத் தோன்றலாம்.

பண்டிதர் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆனது. ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அதில் எழுதினார். அதே இதழில் வள்ளுவருக்கும் ஔவைக்கும் உரையும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. ஏன் ஒரே வேலை என்பதுதான் இன்றைய பேச்சு.

குறளோடு பண்டிதருக்குக் குடும்ப உறவும் இருந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தம்மிடம் இருந்த குறள் சுவடியைக் கந்தப்பன் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரைக்குக் கொடுத்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். 1812இல் குறள் முதன்முதலாக அச்சேறியது. தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்ட ஒருவர் வீட்டில் சுவடி இருந்தது என்பதே நமக்கு ஒரு செய்தி. ஆனால் அச்சுக்கு வந்த நூலோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. வள்ளுவரின் தந்தை பிராமணர், தாய் பறைச்சி என்ற கதை. பெருமைப்படுத்துவதுபோலத் தெரியும் இந்தக் கதையைப் பண்டிதர் கடுமையாக மறுத்தார். அறிவு வந்தது தந்தை வழியாக, தாய் கொடுத்தது வயிறு மட்டும் என்று சொல்லாமல் சொல்கிற கதை அது. நூலை மறுக்க முடியாதபோது நூலாசிரியரைத் தத்தெடுத்துக்கொள்வது பழைய தந்திரம்.

பண்டிதர் பதிலுக்கு என்ன செய்தார்? ‘ஆதி பகவன்’ புத்தரே என்றார். நூலின் பெயர் திரிபிடகத்தின் வழிவந்த ‘திரிக்குறள்’ என்றார். உரையைத் தொடர்ந்து எழுதினார். 1914இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய சொல்லாராய்ச்சியோடு உடன்படாதவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். நான் பார்ப்பது அவர் செய்த காரியத்தை. அவர் நூலைக் கும்பிடவில்லை, தூக்கி எறியவுமில்லை. உரைகாரன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் அறமும் இருக்கிறது என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார்.

ஒரு சான்று சொல்கிறேன். தமிழ் படித்த மாணவர்களுக்குப் பரிமேலழகர் உரை தெரியும். நுட்பமான உரை, மறுக்கவில்லை. ஆனால் அதன் வாசலிலேயே அவர் அறத்துக்கு ஓர் இலக்கணம் வைக்கிறார். மனு முதலிய நூல்கள் செய்யச் சொன்னதைச் செய்வதும் விலக்கியதை விடுவதும் அறம் என்கிறார். ‘ஒழுக்கமுடைமை’ அதிகாரத்துக்கு வரும்போது, அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் விதித்தபடி நடப்பதே ஒழுக்கம் என்கிறார். 98ஆவது அதிகாரத்தில் எல்லா உயிர்க்கும் பிறப்பில் வேறுபாடு இல்லை என்ற பொருளில் பேசிய ஒரு நூலுக்குள், பிறப்பால் மனிதரைப் பிரிக்கும் மனு நுழைந்துவிட்டார். அவர் மூலத்தின் வழியாக நுழையவில்லை, உரையின் வழியாக நுழைந்தார்.

1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அண்ணல் அம்பேத்கர் இதையேதான் வேறு வழியில் சொன்னார். இந்துவின் நற்பண்பு சாதிக்குள் அடங்கிப்போய்விட்டது. அவனுடைய இரக்கமும் பாராட்டும் தன் சாதி எல்லையோடு நின்றுவிடுகின்றன என்றார். தீயவர்கள் நிறைந்த சமூகம் என்று அவர் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய நல்ல குணம் தெரு முனையைத் தாண்டுவதில்லை என்றார். இது கூடுதலாகச் சுடுகிற உண்மை.

இதை ஒவ்வொரு அறமாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் ஈகை. ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தில், உதவும் மனம் உள்ளவனின் செல்வம் ஊரார் தண்ணீர் எடுக்கும் ஊருணி நிறைந்ததைப் போன்றது என்ற உவமை வருகிறது. அழகான உவமை. ஆனால் நம் பாட்டிமார்கள் அந்த ஊருணிக் கரையில் குடத்தோடு நின்றார்கள், யாராவது இரங்கி ஊற்றும்வரை. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சௌதார் குளத்தில் அம்பேத்கர் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தது எதற்காக? ஊருணி என்ற சொல்லில் இருக்கும் ‘ஊர்’ யார் என்று கேட்பதற்காக. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன்பு கேட்ட கேள்வி இன்னும் கரையிலேயே நிற்கிறது.

அடுத்து பொறுமை. நமக்கு அதிகமாகப் போதிக்கப்பட்ட அறம் இதுதான். தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலத்தைப்போல் இரு என்பார்கள். வழக்குக் கொடுக்கப் போனால் ஊர்ப் பெரியவர் பொறுமை சொல்வார். காவல் நிலையத்தில் சமாதானம் சொல்வார்கள். ஆனால் ‘வெகுளாமை’ அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவனே உண்மையில் அடக்கியவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. ‘அருளுடைமை’ அதிகாரத்தின் கடைசியில், தன்னைவிட மெலிந்தவன்மேல் பாயும்போது, தன்னைவிட வலியவன்முன் தான் நிற்பதை நினைத்துப் பார் என்ற அறிவுரை இருக்கிறது. இவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டவை? வலியவனை நோக்கி. அடிக்கக்கூடியவன் அடிக்காமல் இருப்பது பொறுமை. அடிபட்டவன் வாய்மூடி இருப்பதற்குப் பெயர் பயம், அல்லது வேறு வழியின்மை. மேலே நோக்கிச் சொன்ன அறத்தைக் கீழே திருப்பிவிட்டவர்கள் உரைகாரர்கள், பஞ்சாயத்துக்காரர்கள், பாடப்புத்தகக்காரர்கள். அதைத் திரும்ப மேலே திருப்புவதுதான் நம்முடைய உரை.

வதைபடுகிறவர்களின் கண்ணீர் ஆள்பவனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று சொல்வதும் அதே நூல்தான். ஒருவன் பிச்சையெடுத்துத்தான் உயிர் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிப்பதும் அதே நூல்தான். இந்தக் கோபத்தைப் பேருந்தில் எழுதிவைக்க யாருக்கும் அவசரமில்லை.

மூன்றாவது, மனித இயல்பு. ‘மனிதன் என்றால் இப்படித்தான்’ என்று பொதுவாகச் சொல்கிற வாக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. உழவர்களை உலகத்துக்கு அச்சாணி என்று தமிழ் போற்றுகிறது. பழைய தஞ்சை மாவட்டத்தில் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள் சேரி மக்கள். ஆனால் உழவர் என்ற பெருமை மிராசுதாருக்குப் போனது. அச்சாணிகள் கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் வசதியான நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

தோழர்களே, இது சட்டத்தைப் பற்றிய கருத்து அல்ல. மனித இயல்பைப் பற்றிய கருத்து. செல்வர் இப்படிச் செய்யமாட்டார் என்ற ‘ஞானம்’. வெண்மணிச் சேரியில் பிழைத்திருந்த ஒரு கிழவியைக் கேட்டிருந்தால், மனித இயல்பைப் பற்றி அவள் வேறு சொல்லியிருப்பாள். அவள் சொல்வதும் அனுபவத்தில் விளைந்த ஞானம்தான். அதற்கு உரை எழுதும் நாற்காலி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது, காதல். காமத்துப்பாலில் 250 குறள்கள். ஒருத்தி பார்க்கிறாள், ஒருவன் தவிக்கிறான், பிரிகிறார்கள், ஊடுகிறார்கள், கூடுகிறார்கள். யாரும் யாருடைய குலத்தையும் விசாரிப்பதில்லை. ஊர் அங்கேயும் இருக்கிறது, ‘அலர்’ தூற்றும் ஊராக. அந்த ஊரின் பழிச்சொல்லே காதல் பயிருக்கு எருவாகிறது. இன்றைய ஊர் பேச்சோடு நிற்பதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட இருவரை வெட்டினார்கள். தலித் இளைஞர் இறந்தார். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. உயிர் பிழைத்த அந்தப் பெண் தன் சொந்தக் குடும்பத்துக்கு எதிராகவே நீதி கேட்டு நின்றார். காதல் என்ற அறத்துக்கு நம் காலத்தில் எழுதப்பட்ட பெரிய உரை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய கொலைகளை முன்பு பத்திரிகைகள் ‘கௌரவக் கொலை’ என்று எழுதின. கொலைகாரனின் பார்வையில் இருந்து வைக்கப்பட்ட பெயர் அது. இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. ‘ஆணவக் கொலை’ என்றார்கள். இன்று எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள். ஒரே ஒரு சொல்தான் மாறியது. அந்தச் சொல்லோடு பழி எந்தப் பக்கம் நிற்கவேண்டுமோ அந்தப் பக்கம் போய் நின்றது. உரை எழுதுவது என்று நான் சொல்வது இதைத்தான். இதற்குப் பட்டம் தேவையில்லை.

அப்படியானால் குறள் குற்றமற்ற வேதமா? இல்லை. ஒழுக்கம் தவறினால் ‘இழிந்த பிறப்பு’ ஆகிவிடும் என்று பேசும்போது, பிறப்பை ஒரு வசைச்சொல்லாக அதுவும் பயன்படுத்துகிறது. ‘பெண்வழிச்சேறல்’ அதிகாரம், மனைவி சொல் கேட்பதையே இழிவாகப் பேசுகிறது. நம்முடைய தலித் பெண் தோழர்கள் இதைக் கேள்வி கேட்கும்போது, ‘ஐயன் அந்தப் பொருளில் சொல்லவில்லை’ என்று மழுப்பக் கூடாது. பரிமேலழகரைக் கேட்கும் உரிமை நமக்கு இருந்தால், வள்ளுவரைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. நம்மைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. சேரிக்குள் ஆணின் அறம் ஒன்றாகவும் பெண்ணின் அறம் ஒன்றாகவும் இருந்தால், நாமும் ஒரு சின்ன மனுவை வீட்டில் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இதற்கு அண்ணல் ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், புத்தர் சொன்னதாக வழங்கும் ஒரு வாக்கை எப்படி ஏற்பது என்று விளக்குகிறார். அறிவுக்குப் பொருந்தவேண்டும், மனிதரின் நலனோடு தொடர்பு இருக்கவேண்டும். இல்லையென்றால் அதைப் புத்தர் வாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. தாம் பின்பற்றிய ஆசானின் வாக்கையே உரசிப் பார்க்கச் சொன்னவர் அவர். காலங்கடந்த ஞானம் என்று ஒன்று இருந்தால், அது ஒவ்வொரு காலத்திலும் அடிபட்டவர் கையால் உரசப்பட்டுத் தேறிய ஞானமாகத்தான் இருக்க முடியும். பழமை அதற்குச் சான்றாகாது.

அதே நூலில் அவர் ‘மைத்ரி’யைப் பற்றிப் பேசுகிறார். கருணை மனிதர்மீது கொள்ளும் அன்பு, மைத்ரி எல்லா உயிர்மீதும் கொள்ளும் அன்பு என்கிறார். வாழ்நாள் முழுதும் அவமதிக்கப்பட்ட ஒருவர், கடைசி ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அன்பு. இதைப் பலவீனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1956இல் மனுவின் மதத்தை விட்டு வெளியேறியபடிதான் அவர் மைத்ரியைப் பேசினார். வெளியேறத் தெரிந்தவனின் அன்பு அது. அடங்கிக் கிடப்பவனிடம் கேட்டு வாங்கும் அன்பு அல்ல.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். பண்டிதரின் எழுத்துகள் முனைவர் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகளாக 1999 முதல் நமக்குக் கிடைக்கின்றன. எடுத்துப் படியுங்கள். பிறகு உங்கள் சேரியில் வயதானவர்களிடம் போய் உட்காருங்கள். பொறுமை என்றால் என்ன, நன்றி என்றால் என்ன, மானம் என்றால் என்ன என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். கூடவே, எந்த வயலில், எந்தத் தெருவில், யார் முன்னால் நின்று அதைக் கற்றார்கள் என்பதையும் எழுதுங்கள். அறத்துக்கு இடமும் ஆளும் உண்டு என்பது அப்போது புரியும்.

பண்டிதர் பாதியில் விட்டுப்போன உரை அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கத்தை நாம்தான் எழுதவேண்டும்.