குரல் விழுகிறது, சொல் பிரியவில்லை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணி நான். பதில் சொல்லத் தாமதித்த ஆளை, "திமிர் பிடித்தவன்" என்று மண்டோர் ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் திமிருமில்லை, முழுச் செவிடுமில்லை. ஆலை இயந்திரத்தின் அருகிலும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் பல ஆண்டுகள் உழைத்தவருக்கு முதலில் மங்குவது கூர்மையான ஒலிகள்தாம். 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் அவருக்கு ஒன்றே! நாம் கத்தினால் உயிரொலி பெருக்குமே தவிர, மெய்யொலி தெளிவதில்லை. உட்செவியில் செத்த நுண்ணிய செல்கள் மறுபடி முளைப்பதுமில்லை.

ஆகவே வருமுன் காப்பதே வழி. 1989ஆம் ஆண்டு விதிகள் 90 டெசிபெல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த விதிகளோ எட்டு மணி நேர வேலைக்கு 85 என்று வரம்பு கட்டின. அதை மீறும் இடத்தில் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை செய்வது முதலாளியின் கடமை, செலவும் அவருடையதே. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? உடனே கிளைக்குத் தெரிவியுங்கள். இரைச்சலால் வரும் செவிக்குறை சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலில் உண்டு. 2019 முதல் அந்நிய நாட்டுத் தோழர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டென்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள். பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

பிள்ளைகள் சங்கதி வேறு. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கட்டினால் பல வாரம் காது மந்தமாயிருக்கும். மூன்று மாதமாகியும் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வேறு சில பிள்ளைகளுக்குப் பரிசோதனையில் காது நன்றாகவே கேட்கும். ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டும்போதும், வகுப்பே சளசளக்கும்போதும் சொல்லைப் பிரித்தெடுக்க மூளை திணறும். இதைச் சோம்பல் என்று பிரம்பெடுப்பது என்ன நியாயம்?

அப்பிள்ளையை முன் வரிசையில் உட்கார வையுங்கள். பெயர் சொல்லி, அது திரும்பிப் பார்த்த பிறகு, வெளிச்சம் நம் முகத்தில் படும்படி நின்று, ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் வேறு சொல்லில் சொல்லுங்கள். வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். காது மங்கிய தகப்பனுக்கும் இதே மருந்துதான்.

நிர்வாகத்திடம் கிளை வைக்கும் கோரிக்கை இரண்டு. பெரட்டில் லாரி எஞ்சினை நிறுத்திய பிறகே வேலை உத்தரவு சொல்ல வேண்டும். ஆலையில் இரைச்சலை அளந்து, அந்தக் கணக்கை நமக்குக் காட்ட வேண்டும். காதில் குறையுள்ளவர்கள் வெட்கப்படாமல், கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசையில் பெயர் கொடுங்கள். பெயர் வெளியே போகாது.