பழுப்பேறிய தாள்களும் பிந்திவந்த பரிசும்

ஒரு கதை வெளிவந்து எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின் அதற்குப் பரிசு வழங்குவது முறையாகுமா? எழுதியவர் பெரும்பாலும் உயிருடன் இரார். வெளியிட்ட சஞ்சிகை நின்றுபோயிருக்கும். முதன்முதற் படித்துச் சுவைத்தவர்களிலும் எஞ்சியிருப்போர் மிகச் சிலராகவே இருப்பர். இவ்வாறிருந்தும், விஞ்ஞானக் கற்பனைக் கதைத் துறையில் இத்தகைய பரிசு 1996 ஆம் ஆண்டு தொடக்கம் 2020 ஆம் ஆண்டு வரை எட்டு முறை வழங்கப்பட்டிருக்கிறது. பின்னோக்கிய ஹியூகோ விருது எனப்படும் இப்பரிசு எதனை மீட்டுத் தந்தது, எதனை மீட்கத் தவறியது என்பது சிந்தித்தற்குரியது.

இவ்விருதின் பயனை அறிய வேண்டுமாயின், முதலில் ‘பல்ப்’ சஞ்சிகைகளின் இயல்பை அறிதல் வேண்டும். ‘பல்ப்’ என்பது மரக்கூழ். நன்கு தூய்மை செய்யப்படாத மரக்கூழிலிருந்து செய்த மலிவான கடதாசியில் அச்சிடப்பட்டமையால் அச்சஞ்சிகைகள் இப்பெயர் பெற்றன. 1896 ஆம் ஆண்டில் பிராங் மன்சி என்பார் தமது ‘ஆர்கோசி’ சஞ்சிகையை இவ்வகைக் கடதாசியில் வெளியிட்டு இதற்கு வழிகாட்டினார். அக்கடதாசியில் அமிலமும், லிக்னின் என்னும் பொருளும் எஞ்சி நிற்கும். ஒளியும் காற்றும் படப்படத் தாள் பழுப்பேறும். நாளடைவில் விரல் பட்டாலே உதிரும். நிலைத்திருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் அவற்றை எவரும் அச்சிடவில்லை. சொல்லொன்றுக்கு ஒரு சதம் என்ற அளவில் கூலி பெற்று எழுத்தாளர் எழுதினர். படித்தவர் படித்து முடித்ததும் எறிந்தனர். போர்க்காலத்திற் பழைய கடதாசி சேகரிப்புக்கும் பல பிரதிகள் இரையாயின.

விஞ்ஞானக் கதைகளுக்கென்றே அமைந்த முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை 1926 ஏப்பிரலில் நியூயோர்க்கில் வெளிவந்தது. ‘வியப்பூட்டும் கதைகள்’ எனப் பொருள்படும் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்பது அதன் பெயர். அதனைத் தொடங்கியவர் லக்ஸம்பேர்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக். 1930 ஜனவரியில் ‘அஸ்டவுண்டிங்’ என்னும் மற்றொரு சஞ்சிகை தோன்றியது. கேர்ன்ஸ்பாக் வாசகர் கடிதங்களை அவரவர் முகவரியுடன் வெளியிட்டமையால், ஒருவரையொருவர் காணாத வாசகர்கள் தமக்குள் கடிதத் தொடர்பு கொண்டனர். கடிதத் தொடர்பு சங்கங்களாயிற்று. சங்கங்கள் கூடி 1939 இல் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாட்டை நடத்தின. 1953 இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற மாநாட்டிலேதான் கேர்ன்ஸ்பாக்கின் முதற்பெயரைத் தாங்கிய ஹியூகோ விருது பிறந்தது.

ஆகவே, மரக்கூழ்ச் சஞ்சிகைகள் செழித்த காலம் முழுவதும் விருது இல்லாத காலமாகவே கழிந்தது. மேலும், உலக மகாயுத்தத்தின் காரணமாக 1942 முதல் 1945 வரை மாநாடுகளும் நடைபெறவில்லை. இக்குறையை நிரப்பவே பின்னோக்கிய விருது வகுக்கப்பட்டது. விருது வழங்கப்படாத முற்கால ஆண்டொன்றுக்கு, ஐம்பது, எழுபத்தைந்து அல்லது நூறு ஆண்டுகள் கழித்து நடைபெறும் மாநாடு விரும்பினால் விருது வழங்கலாம் என்பதே அவ்விதியாயிருந்தது. மாநாட்டு அங்கத்தவர்கள் படைப்புகளை முன்மொழிந்தனர். இறுதிப் பட்டியலை விருப்ப வரிசைப்படுத்தி வாக்களித்தனர். 1996 இல் 1945 ஆம் ஆண்டின் படைப்புகளுக்கு முதன்முறையாக இவ்விருது வழங்கப்பட்டபோது, ‘அஸ்டவுண்டிங்’கில் வெளிவந்த ஐசாக் அசிமோவின் ‘த மியூல்’ சிறந்த நாவலாகத் தெரிவு செய்யப்பட்டது.

இனி, விருதின் பலவீனம் எங்குள்ளது என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். 1956 முதல் தமது இறுதிக்காலம் வரை இலங்கையில் வாழ்ந்து 2008 இல் காலமான ஆதர் சி. கிளார்க், மரக்கூழ்ச் சஞ்சிகைகளாலேயே இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். இங்கிலாந்தில் சிறுவனாக இருந்தபோது அவர் கண்ட ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழொன்றின் அட்டையிலே வியாழக் கிரகம் பெரிதாய்த் தீட்டப்பட்டிருந்தது. அவருக்கு இரு முறை பின்னோக்கிய விருது கிடைத்தது. 2004 இல், அவர் கொழும்பில் வாழ்ந்த காலத்திலேயே, 1953 இல் வெளிவந்த ‘இறைவனின் தொள்ளாயிரம் கோடி நாமங்கள்’ என்னும் சிறுகதை பரிசு பெற்றது. அரை நூற்றாண்டு காலம் படிக்கப்பட்டு வந்த கதை அது. அத்தீர்ப்பைக் குறைகூற இடமில்லை.

இரண்டாவது விருதோ வேறு வகையானது. 2014 இல் இலண்டன் மாநாடு 1938 ஆம் ஆண்டின் சிறந்த சிறுகதையாக, ‘நாங்கள் செவ்வாய்க்குச் சென்ற விதம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது கதையைத் தெரிந்தெடுத்தது. அது இளைஞர் கிளார்க், ஆர்வலர்கள் நடத்திய சிறு சஞ்சிகையொன்றில் எழுதிய நகைச்சுவைக் கதை. தொழில்முறைச் சஞ்சிகைகளில் அவரது கதைகள் வெளிவரத் தொடங்கியது 1946 இலேயே. அதே இறுதிப் பட்டியலில் லெஸ்டர் டெல் ரேயின் ‘ஹெலன் ஓலோய்’ என்னும் கதையும் இருந்தது. அது ‘அஸ்டவுண்டிங்’கில் வெளிவந்து, அக்காலத்து வாசகர் பலர் அறிந்திருந்த கதை. பின்னாளிற் பெரும் புகழ் பெற்ற ரே பிராட்பரி பதினேழு வயதில் ஆர்வலர் ஏடொன்றுக்கு எழுதிய கதையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. 1938 ஆம் ஆண்டின் வாசகர்களிற் பெரும்பாலோர் கண்ணாற் காணாத எழுத்துகள் இவ்விடத்திற்கு வந்தமைக்கு அவற்றின் தகுதி மட்டுமே காரணம் எனக் கொள்வது கடினம். பிற்காலப் புகழ் முற்காலத்திற்குச் சென்று வாக்களித்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயின் இதனை மட்டும் கண்டு விருதை வீணென்று தள்ளுதல் நீதியாகாது. மறைந்திருந்தோரை வெளிக்கொணர்ந்த பெருமையும் அதற்குண்டு. இண்டியானாபொலிஸ் நகர வங்கியொன்றிற் பணியாற்றிய கதரின் லூசில் மூர் என்னும் பெண்மணி, தாம் கதை எழுதிப் பணம் பெறுவதை வங்கி அறியாதிருக்கும் பொருட்டு முதலெழுத்துகளை மட்டும் கொண்டு சி. எல். மூர் என எழுதினார். ஹென்றி கட்னரை மணந்தபின் இருவரும் சேர்ந்து ‘லூயிஸ் பட்ஜெட்’ என்னும் புனைபெயரிற் பல கதைகளை எழுதினர். 2018 இலும் 2019 இலும் அப்புனைபெயரில் வந்த இரு கதைகள் பின்னோக்கிய விருது பெற்றன. அப்பொழுது பரிசுப் பட்டியலில் கட்னரின் பெயருடன் மூரின் பெயரும் விளங்கிற்று.

லீ பிராக்கெற்றின் வரலாறும் இத்தகையதே. அவரது பெயரைக் கண்டு ஆண் என்று எண்ணியே ஹொலிவூட் நெறியாளர் ஹவார்ட் ஹோக்ஸ் திரைக்கதை எழுத அழைத்தார் என்பர். அவர் செவ்வாய்க் கிரகத்தைக் களமாகக் கொண்டு எழுதிய ‘ஷடோ ஓவர் மார்ஸ்’ என்னும் நாவல், 1944 இல் ‘ஸ்டார்ட்லிங் ஸ்டோரிஸ்’ என்னும் மலிவுச் சஞ்சிகையில் வெளிவந்தது. வாளும் வீரமும் நிறைந்த அத்தகைய கதைகளை விமர்சகர்கள் பெரிதாக மதித்ததில்லை. 2020 இல் நியூசிலாந்து மாநாட்டின் வாக்கெடுப்பில், ஒலாஃப் ஸ்டேபிள்டனின் ‘சிரியஸ்’ போன்ற நூல்களையும் முந்தி அந்நாவல் சிறந்ததெனத் தெரிவாயிற்று. பிராக்கெற் மறைந்து அப்பொழுது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தீர்ப்பை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆயினும் ‘மலிவுக் கதை’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு மரபை மீண்டும் எடுத்துப் படிக்கச் செய்தது அவ்விருது.

அதே ஆண்டு மற்றொரு வினாவையும் எழுப்பியது. ‘அஸ்டவுண்டிங்’ சஞ்சிகையின் ஆசிரியராகி அதனை உயர்த்திய ஜோன் கம்பெல், இனப்பிரிவினைக்குச் சார்பாக ஆசிரிய தலையங்கங்கள் எழுதியவர். 2019 இல் டப்ளின் மாநாட்டில், அவர் பெயரால் வழங்கப்பட்ட புதிய எழுத்தாளர் விருதைப் பெற்றவரே மேடையில் அவரைக் கண்டித்துப் பேசினார். அம்மாதத்திலேயே அவ்விருதின் பெயர் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டிலோ சிறந்த ஆசிரியருக்கான பின்னோக்கிய விருது கம்பெலுக்கே சென்றது. ஒரு கையால் பெயரை நீக்கி, மறு கையால் மாலை சூட்டுவதா எனப் பலர் வினவினர். அவர் இல்லையேல் அசிமோவும் ஹைன்லைனும் வளர்ந்த விதம் வேறாயிருக்கும் என்பது மெய். அவர் எவருக்குக் கதவைத் திறக்கவில்லை என்பதும் மெய். முதல் உண்மையை மட்டும் விருது சொல்லும். இரண்டாவதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. அதனை வரலாறு எழுதுவோரும் வாசிப்போருமே சொல்லுதல் வேண்டும்.

ஆகவே பின்னோக்கிய விருதை ஒரு தீர்ப்பாகக் கொள்வதினும் ஓர் அழைப்பாகக் கொள்வதே பொருந்தும். முற்காலத்தில் இவ்வழைப்பை ஏற்பது எளிதாயிருக்கவில்லை. பழைய இதழ்கள் சேகரிப்பாளரின் பெட்டிகளிலேயே கிடந்தன. இன்றோ நிலைமை மாறியிருக்கிறது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி இருபத்தெட்டு ஆண்டுகள் முடிந்ததும் பதிப்புரிமையைப் புதுப்பித்தல் வேண்டும். மலிவுச் சஞ்சிகைக் கதைகள் பலவற்றுக்கு எவரும் அதனைச் செய்யாமையால் அவை பொதுவுடைமையாயின. உதிர்ந்துகொண்டிருந்த இதழ்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டு, ‘புரொஜெக்ட் குட்டன்பேர்க்’, ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ முதலிய இணைய நூலகங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. உரிமையாளரின் அலட்சியமே கதைகளுக்கு ஆயுள் கொடுத்தது எனலாம்.

ஆதலால் இன்று வாசிப்பவருக்குச் சாக்குப்போக்கிற்கு இடம் குறைவு. தெரிந்த பெயரைக் கண்டவுடன் முதலிடம் கொடுப்பது எளிது. அப்பெயருக்கு அடுத்த பக்கத்தில், எவரும் நினைவிற் கொள்ளாத ஒருவர் சொல்லுக்கு ஒரு சதம் பெற்று எழுதிய கதை இருக்கும். அதனையும் படித்தபின் முதலிடம் கொடுப்பதே நேர்மை. மறைந்த எழுத்தாளருக்குப் பரிசுச் சின்னத்தாற் பயனொன்றும் இல்லை. தம் கதையை மீண்டும் ஒருவர் படிக்கிறார் என்பதே அவருக்குக் கிடைக்கக்கூடிய பேறு.