குறிஞ்சி என்று நான் காட்டிய பூ

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வகுப்பறை நினைவுகளுள் ஒன்றைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஒரு பள்ளிச் சுற்றுலாவைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். அது சுற்றுலாவைப் பற்றிய பேச்சாக மட்டும் அமையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய ஊர் சமவெளியில் உள்ளது. மழை பெய்து ஓய்ந்த நாள்களில் பள்ளி மைதானத்தின் மேற்கே பழனிமலைத் தொடர் நீலக் கோடாகத் தெரியும். அதைச் சுட்டிக் காட்டியே ஆண்டுதோறும் ஐந்திணைப் பாடத்தைத் தொடங்குவேன். குறிஞ்சிக்குப் பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், தெய்வம் சேயோன், உணவு தினையும் தேனும் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். உரிப்பொருளை மட்டும் விரைந்து கடந்துவிடுவேன். ஒன்பதாம் வகுப்பு அல்லவா! ஆண்டுகள் பல இவ்வாறு பாடம் நடத்தியவன், குறிஞ்சிப் பூவை ஒருமுறையேனும் கண்ணால் கண்டதில்லை.

1999ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் நாற்பத்திரண்டு மாணவர்களோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதை தொடங்கியதுமே பாட்டு நின்றது. மூன்றாம் வளைவில் முதல் வாந்தி. ஆளுக்கோர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பிள்ளைகள் சன்னலோரம் சாய்ந்துகொண்டனர். டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தித் தலையாறு அருவியைக் காட்டினோம். எலிவால் அருவி என்று அதற்கு மற்றொரு பெயர் உண்டு என்றதும் அதுவரை சோர்ந்திருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினர். அருவியைவிட அந்தப் பெயரே அவர்களுக்குப் பிடித்திருந்தது.

பெருமாள்மலைக்குச் சற்று முன்பாக ஒரு தேநீர்க் கடையின் வேலி முழுவதும் ஊதாநிறப் பூக்கள் படர்ந்திருந்தன. “ஐயா, இதுதான் குறிஞ்சியா?” என்று ஒரு மாணவி கேட்டாள். குறிஞ்சியைக் காட்டுவதாக வகுப்பிலே வாக்களித்திருந்தவன் நான். நிறமும் ஏறக்குறையப் பொருந்திற்று. “ஆம்” என்றேன். அத்தோடு விட்டேனா? பூவைக் கையில் ஏந்திக் கால்மணி நேரம் விரிவுரை ஆற்றினேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியதையும், ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தவே அதைப் பாடினார் என்னும் செய்தியையும் சொன்னேன். மாணவர்கள் அந்தப் பூவைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டனர்.

அவ்வகுப்பில் பூம்பாறையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். கொடைக்கானலுக்கும் அப்பால், பூண்டு விளையும் மலையூர் அது. விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் பேச்சைக் கேட்டுப் பிற மாணவர்கள் நகைப்பதுண்டு. நானும் அவன் உச்சரிப்பைப் பலர் முன்னிலையில் திருத்தியிருக்கிறேன். அன்று அவன் எதையும் வரையவில்லை.

இறங்கும் வழியில், வண்டி இருட்டில் வந்துகொண்டிருந்தபோது, என் இருக்கையருகே வந்து நின்றான்.

“ஐயா, அது குறிஞ்சி இல்லைங்கய்யா. அது கொடி. குறிஞ்சி செடிங்கய்யா, தண்டு கருப்பா இருக்கும். அது பூக்க இன்னும் ஏழு வருசம் கிடக்கு. போன தடவை பூத்தப்ப எனக்கு ஒன்பது வயசு. பூத்து முடிஞ்சதும் செடியெல்லாம் காஞ்சு போச்சு.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இந்த அவைக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. “சரி, போய் உட்கார்” என்றேன். அவ்வளவுதான். மறுவாரம் பள்ளி திறந்தது, குறிப்பேடுகளைத் திருத்தினேன், வேலிக் கொடியின் படத்துக்கு நாற்பத்தொரு முறை ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவன் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் சொன்ன கணக்குப் பிசகவில்லை. 2006இல் குறிஞ்சி பூத்தது. அந்த ஆண்டு யாருக்கும் சொல்லாமல் தனியே மலையேறினேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே சரிவில் இறங்கிச் செடியைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்பளவுப் புதர், கணுக்கணுவான, கறுத்து முற்றிய தண்டு, பூவுக்குப் பூ தேனீக்கள். அப்போது நினைவுக்கு வந்தது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு. ஆண்டுதோறும் வகுப்பில் நான் மனப்பாடமாகச் சொல்லிவந்த பாட்டு. குறிஞ்சியின் தண்டு கரியது என்று தேவகுலத்தார் அதிலே தெளிவாகச் சொல்லியிருக்கிறார், தேனையும் சொல்லியிருக்கிறார். பூம்பாறைப் பையன் அன்றிரவு என்னிடம் சொன்னதும் அதையேதான். பாட்டு என் நாவிலே இருக்க, பச்சைக் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு குறிஞ்சி என்று சாதித்தேன்! பதவுரை எழுதும்போது ‘கரிய தண்டு’ என்று எழுதிப்போட்டு அடுத்த சொல்லுக்குப் போனவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி இன்று நம் வட்டத்தின் கவிஞர்களுள் ஒருவர். இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நமது வட்டம் வெளியிட்ட தொகுப்பில் அவருடைய கவிதையொன்றில் குறிஞ்சி வேலியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. திறனாய்வு செய்த நண்பர்கள் அதைப் புதுமையான படிமம் என்று பாராட்டினர். அந்தப் பாராட்டுக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவன் நான். அன்றும் வாய் திறக்கவில்லை. அம்மா, அந்தப் பிழை உங்களுடையது அன்று; என்னுடையது. கவிதையைத் திருத்துவதும் அப்படியே விடுவதும் உங்கள் உரிமை.

பூம்பாறை மாணவன் பத்தாம் வகுப்போடு ஊர் திரும்பிவிட்டான். 2006இல் பூம்பாறைவரை போய் விசாரித்தேன். பூண்டு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மாலைவரை காத்திருந்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

2018இல் மீண்டும் பூத்தபோது முழங்கால் வலி என்னை மலையேற விடவில்லை. அடுத்த பூப்பு 2030இல். அந்த ஆண்டு வட்டத்தின் சார்பில் ஒரு பேருந்து ஏற்பாடு செய்யுமாறு செயலாளரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பூம்பாறைக்கும் ஒரு கடிதம் எழுதி வையுங்கள். பூவைக் காட்ட அவன் வரட்டும். எனக்கு முன்னிருக்கை ஒன்று போதும். எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன்.